இறுக்கும் உப்பு, தளர்த்தும் உப்பு

ரத்தக் குழாயின் தசை தளர்வதற்குப் பொட்டாசியம் வேண்டும். ஆனால் அதைச் சமையலறை உப்பு டப்பாவில் கலக்கும் முன் கொஞ்சம் யோசிக்கவும் வேண்டும்.

ரத்த அழுத்தம் என்றதும் எல்லோரும் சந்தேகிப்பது இதயத்தை. நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். மாடிப்படியைக் கண்டால் தயங்குகிறார்கள். பாவம், இதயம் வெறும் பம்ப். அது தள்ளும் ரத்தத்துக்கு எவ்வளவு எதிர்ப்பு இருக்கும் என்பதைத் தீர்மானிப்பவை, தலைமுடியைவிடச் சன்னமான தமனிகள். உடலெங்கும் பரவிக் கிடக்கும் இவற்றை யாரும் நினைப்பதில்லை. எக்ஸ்ரேயில் தெரியாது, ஸ்டெதாஸ்கோப்பில் கேட்காது. ஆனால் டாக்டர் புஜத்தில் பட்டையைச் சுற்றி, காற்றை ஏற்றி, 150, 160 என்று உதட்டைப் பிதுக்குகிறாரே, அந்த எண்ணில் பெரும் பங்கு இவற்றுடையது.

காரணம் ஒரு எளிய கணக்கு. பிரெஞ்சு மருத்துவர் பொய்சூயி 1840-களில் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் திரவத்தை ஓடவிட்டு ஒரு விதியைக் கண்டார். குழாயின் விட்டம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிவிடும். விட்டம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே குழாய்ச் சுவரின் தசை இம்மியளவு இறுகினாலும் இதயம் கூடுதலாக உழைத்துத்தான் தீர வேண்டும்.

இந்தத் தசை கை கால் தசை போன்றதல்ல. மனிதனின் சொல் பேச்சைக் கேட்காது. மென்தசை என்று பெயர். முழுக்க இறுகாமலும் முழுக்கத் தளராமலும், வீணைத் தந்தியைப் போல ஒரு நடு நிலையில் இரவும் பகலும் நிற்பது அதன் குணம். இந்த முறுக்கு நரம்புகளின் ஏவலால் மட்டும் வருவதல்ல என்று 1902-லேயே லண்டனில் வில்லியம் பேலிஸ் காட்டினார். நரம்புத் தொடர்பு அறுந்த தமனியும், உள்ளே அழுத்தம் ஏறியதும் தானாகவே இறுகி எதிர்த்து நின்றது. அப்படியானால் ஆணை பிறக்கும் இடம் எது? அந்தத் தசை செல்லுக்குள்ளேயேதான். அந்த ஆணையின் முக்கியமான எழுத்து பொட்டாசியம்.

பொட்டாசியம் ஒன்றும் அபூர்வ வஸ்து அல்ல. ஒரு காலத்தில் இந்திய வீடுகளில் பாத்திரம் தேய்த்த விறகுச் சாம்பலில் அது இருந்தது. சாம்பலில் கிடைக்கும் பொட்டாஷிலிருந்துதான் அதற்குப் பெயரே வந்தது. 1807-ல் ஹம்ப்ரி டேவி மின்சாரம் பாய்ச்சி அதைத் தனியே பிரித்தெடுத்தார். மனித உடலில் சுமார் 140 கிராம் பொட்டாசியம் உண்டு. அதில் 98 சதவீதம் செல்களுக்குள்ளே. ரத்தத்திலும், செல்களைச் சுற்றியுள்ள நீரிலும் இருப்பது மொத்தம் இரண்டு கிராம் அளவுதான். லிட்டருக்கு ஏறக்குறைய 160 மில்லிகிராம். டாக்டர்கள் கணக்கில் 4 மில்லிமோல். செல்லுக்குள்ளேயோ அதுபோல் 35 மடங்கு. இப்படி உள்ளே குவித்து வைப்பது செல் சுவரில் ஓயாமல் ஓடும் ஒரு பம்ப். மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. 1957-ல் நண்டின் நரம்பில் இதைக் கண்டுபிடித்த டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோவுக்கு நோபல் பரிசு கிடைக்க 1997 வரை ஆயிற்று.

கூட்டம் நெரியும் இடத்தில் கதவு திறந்தால் என்ன ஆகும்? செல் சுவரிலுள்ள நுண்ணிய வாசல்கள் திறந்ததும் பொட்டாசியம் வெளியே ஓடுகிறது. ஒவ்வொரு பொட்டாசிய அயனியும் ஒரு நேர் மின்சுமையை எடுத்துக்கொண்டு போவதால் செல்லின் உட்புறம் எதிர்மின் நிலைக்குப் போகிறது. இந்த வேறுபாடு 40, 60 மில்லிவோல்ட்தான். ஒரு பென் டார்ச் செல்லின் முப்பதில் ஒரு பங்கு. ஆனால் இந்தச் சின்ன மின்சாரம்தான் இன்னொரு வாசலுக்குப் பூட்டு. அது கால்சியம் வாசல். உட்புறம் நன்றாக எதிர்மின் நிலையில் இருந்தால் பூட்டு விழும். மின் வேறுபாடு குறைந்தால் பூட்டு திறந்து கால்சியம் உள்ளே பாயும். தசைக்குள் இருக்க வேண்டிய கால்சியம் வெளியே இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அது சற்றே ஏறினாலும் தசை நார்கள் ஒன்றையொன்று பற்றி இழுக்கின்றன. குழாய் குறுகுகிறது.

சுருங்கச் சொன்னால், பொட்டாசியம் வெளியேறினால் தளர்வு. கால்சியம் உள்ளே நுழைந்தால் இறுக்கம்.

இவ்விரண்டின் சமநிலை உயிருக்கு எவ்வளவு முக்கியம் என்று முதலில் தெரிந்தது ஒரு தவறால். 1880-களில் லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர், வெட்டியெடுத்த தவளை இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் தெரியவந்தது, கரைசல் வாலைவடி நீரில் அல்ல, குழாய்த் தண்ணீரில் கலக்கப்பட்டிருந்தது. சுத்தமான நீரில் செய்த கரைசலில் இதயம் நின்றுபோயிற்று. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் அதுவரை அதைத் துடிக்க வைத்திருக்கிறது. கூடவே துளி பொட்டாசியமும் சேர்ந்தால்தான் துடிப்பு சீராக இருக்கும் என்பதையும் ரிங்கர் கண்டார். இன்றும் இந்திய ஆஸ்பத்திரிகளில் கட்டிலருகே தொங்கும் 'ரிங்கர் லாக்டேட்' பாட்டிலில் இருப்பது அந்த மனிதரின் பெயர். அதில் பொட்டாசியம் லிட்டருக்கு 4 அல்லது 5 மில்லிமோல். ரத்தத்தில் இருப்பதைப் போலவே.

அதற்காகக் கால்சியத்தை வில்லன் என்று முத்திரை குத்திவிட முடியாது. 1995-ல் அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்து மார்க் நெல்சன் குழுவினர் தமனித் தசை செல்களுக்குள் கால்சியம் மின்னி மறைவதைப் பார்த்தார்கள். செல் சுவரை ஒட்டி, இம்மியளவு இடத்தில், கண நேரப் பொறி. அந்தப் பொறி தசையை இறுக்கவில்லை. பக்கத்திலிருந்த பொட்டாசிய வாசல்களைத் திறந்துவிட்டது. பொட்டாசியம் வெளியேற, கால்சியம் வாசல்களுக்குப் பூட்டு விழ, தசை தளர்ந்தது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதுதான். செல் முழுக்கப் பரவினால் இறுக்கம், ஓரத்தில் பொறியாகத் தெறித்தால் தளர்வு. பொருள் ஒன்றே. இடமும் அளவும் மாறினால் செய்தியும் மாறிவிடுகிறது.

பொட்டாசியத்துக்கும் இதே இரட்டை முகம் உண்டு. செல்லுக்கு வெளியே பொட்டாசியம் கூடினால் உள்ளிருப்பது வெளியேறத் தயங்கும், தசை இறுகும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். அளவுக்கு மீறிக் கூடினால் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் குழாயைச் சுற்றியுள்ள பொட்டாசியம் 4-லிருந்து 8, 10, 15 வரை ஏறும்போது தசை தளர்கிறது. படம் விட்ட சினிமா தியேட்டரை நினைத்துக்கொள்ளலாம். வெளியே கொஞ்சம் கூட்டம் சேர்ந்ததும் காவலாளி மூடிக் கிடந்த கதவுகளையும் திறந்துவிடுகிறார். ஜனம் முன்னைவிட வேகமாக வெளியேறுகிறது. தெருவே அடைத்துக்கொண்டால் எத்தனை கதவு திறந்தும் பயனில்லை. தமனித் தசையில் ஒரு வகை வாசல், வெளிப் பொட்டாசியம் சற்று ஏறியதும் கூடுதலாகத் திறக்கும். பம்ப்பும் வேகம் பிடிக்கும். இருபதைத் தாண்டினால் இந்த உபாயமெல்லாம் தோற்று, குழாய் இறுகிக்கொள்கிறது.

இந்த வாசல்கள் ஆள் பார்த்து அனுமதிப்பவை. சோடியம் அயனி பொட்டாசியத்தைவிடச் சிறியது. ஆனாலும் அதை விடாமல், பெரிய பொட்டாசியத்தை மட்டும் விநாடிக்குக் கோடிக்கணக்கில் அனுப்புகின்றன. அது எப்படி என்பது நீண்ட நாள் புதிர். 1998-ல் அமெரிக்காவின் ராடரிக் மெக்கினன், ஒரு பாக்டீரியாவின் பொட்டாசிய வாசலை எக்ஸ்-கதிரால் படம் பிடித்து விடை சொன்னார். வாசலின் இடுக்கில் வரிசையாக நிற்கும் ஆக்சிஜன் அணுக்கள் பொட்டாசியத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்துகின்றன. சிறிய சோடியத்துக்கு அந்தச் சட்டை தொளதொளக்கிறது. 2003-ல் அவருக்கு நோபல் பரிசு.

உடல் இந்த ஏற்பாட்டைத் தூது அனுப்பவும் பயன்படுத்திக்கொள்கிறது. ஓடும்போது கால் தசைகள் பொட்டாசியத்தை வெளியே கசியவிடுகின்றன. அது பக்கத்துத் தமனியைத் தொட்டதும் குழாய் விரிகிறது. உழைக்கும் தசைக்குக் கூடுதல் ரத்தம் வருகிறது. மூளையிலும் அப்படியே. இந்தப் பக்கத்தைப் படிப்பவரின் மூளையில், எழுத்தை அடையாளம் காணும் பகுதி விறுவிறுப்பாக வேலை செய்யும்போது அங்கே பொட்டாசியம் கசிகிறது. அதை மிக நுண்ணிய தந்துகிகள் உணர்ந்து, மேலே இருக்கும் தமனிக்கு மின் செய்தி அனுப்பி விரியச் செய்கின்றன என்று 2017-ல் நெல்சன் குழுவினர் எலிகளில் காட்டினார்கள்.

குழாயின் உட்பூச்சாக ஒற்றை வரிசையில் படிந்திருக்கும் செல்களுக்கும் இதில் பங்குண்டு. 1980-ல் நியூயார்க்கில் ராபர்ட் ஃபர்ச்காட், இந்த உட்பூச்சு தேய்ந்துபோன தமனித் துண்டுகள் தளர மறுப்பதையும், தேயாதவை தளர்வதையும் கவனித்தார். உட்பூச்சு அனுப்பும் தூது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு எனத் தெரிந்து 1998-ல் அவருக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் கிடைத்தது. அதே 1998-ல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் எலித் தமனிகளில் இன்னொரு தூதை அடையாளம் காட்டினார்கள். உட்பூச்சு செல்கள் வெளியேற்றும் பொட்டாசியம்தான் அது. எல்லாத் தமனிகளிலும் இதுவே தூதன் என்று சொல்வதற்கில்லை. ஆனால் இவ்வளவு மலிவான சரக்கை உடல் தூதனாக வைத்திருப்பது ஆச்சரியம்தான்.

மருந்துக் கடைகளில் இதன் பலன் எப்போதோ வந்துவிட்டது. கோடிக்கணக்கான இந்தியர்கள் காலையில் விழுங்கும் அம்லோடிபின் மாத்திரை கால்சியம் வாசலை அடைக்கிறது. நெஞ்சு வலிக்குத் தரப்படும் நிகொராண்டில் பொட்டாசிய வாசலைத் திறக்கிறது. மினாக்ஸிடிலின் கதை வேடிக்கையானது. பொட்டாசிய வாசலைத் திறந்து, கட்டுக்கடங்காத ரத்த அழுத்தத்தையும் இறக்கிய மாத்திரை அது. சாப்பிட்டவர்களுக்கு வேண்டாத இடங்களிலெல்லாம் முடி முளைத்தது. 1988-ல் அமெரிக்காவில் அதே மருந்து வழுக்கைத் தலைக்குத் தடவும் தைலமாக அனுமதி பெற்றது. இன்று அதை வாங்கித் தேய்ப்பவர்களில் எத்தனை பேருக்கு அதன் பூர்வாசிரமம் தெரியும்?

மாத்திரை வரை போவானேன், சாப்பாட்டில் பொட்டாசியத்தைக் கூட்டினால் போதாதா என்ற கேள்வி நியாயமானது. கேள்வி பழையதும்கூட. கனடாவில் அடிசன் என்ற மருத்துவர் ரத்த அழுத்த நோயாளிகளுக்குப் பொட்டாசியம் கொடுத்துப் பார்த்து 1928-ல் எழுதினார். 1988-ல் வெளியான 'இன்டர்சால்ட்' ஆய்வில் 32 நாடுகளைச் சேர்ந்த 10,079 பேர் சோதிக்கப்பட்டார்கள். இந்தியாவிலிருந்து டெல்லியும் லடாக்கும் இடம் பெற்றன. உப்பே அறியாத, வாழைக்காயை முக்கிய உணவாகக் கொண்ட பிரேசிலின் யானோமாமி மக்களின் சராசரி ரத்த அழுத்தம் 95/61. வயது ஏறினாலும் அது ஏறவில்லை.

ஆனால் இங்கே ஒரு எளிய கற்பனையைத் திருத்திக்கொள்ள வேண்டும். தின்ற வாழைப்பழத்தின் பொட்டாசியம் நேராகத் தமனிக்கு ஓடிப் போய்க் கதவைத் திறப்பதில்லை. அதன் முக்கிய வேலை சிறுநீரகத்தில். உணவில் பொட்டாசியம் குறைந்தால், சிறுநீரகம் சோடியத்தையும் விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. போதுமான அளவு வந்தால் சோடியத்தைக் கழிக்கிறது. ஆகவே சோடியத்தைக் குறைப்பதும் பொட்டாசியத்தைக் கூட்டுவதும் ஒரே காரியத்தின் இரு பாதிகள்.

இந்தியச் சமையலறை இந்த இரண்டையும் தலைகீழாகச் செய்கிறது. காயை வேகவைத்து நீரை வடிக்கும்போது பொட்டாசியம் சாக்கடைக்குப் போகிறது; பிறகு உப்பு போடும்போது சோடியம் வருகிறது. அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய் கணக்கு தனி. உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, 3.5 கிராம் பொட்டாசியம். ஒரு தேசியக் கணக்கெடுப்பில் இந்தியர்கள் சாப்பிடும் உப்பு சராசரி 8 கிராம். 2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெரிய ஆய்வு, வயது வந்தோரில் 35.5 சதவீதத்தினருக்கு உயர் ரத்த அழுத்தம் என்றது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று வளர்ந்த மக்களிடம் உப்பைக் குறை என்று சொல்வது சுலபம். கேட்க வைப்பது கடினம்.

அதனால்தான் உப்பையே மாற்றும் யோசனைக்கு இத்தனை மவுசு. சோடியம் குளோரைடில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு கலப்பது. சீனாவில் 600 கிராமங்களில், பக்கவாதம் வந்தவர்கள் அல்லது ரத்த அழுத்தமுள்ள முதியவர்களான 20,995 பேர் சுமார் ஐந்து ஆண்டுகள் கவனிக்கப்பட்டார்கள். பாதிக் கிராமங்களுக்குக் கால் பங்கு பொட்டாசியம் கலந்த உப்பு. 2021-ல் வெளியான முடிவின்படி அவர்களிடையே பக்கவாதம் 14 சதவீதம் குறைவு. அதே ஆண்டு வெளியான இந்திய ஆய்வில் தெலங்கானாவின் 7 கிராமங்களில் 502 நோயாளிகள் இத்தகைய உப்பைச் சோதித்தார்கள். மூன்று மாதத்தில் மேல் அழுத்தம் 4.6 புள்ளி இறங்கியது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் வீட்டு உபயோகத்துக்கு இதைச் சிபாரிசு செய்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் தவிர என்ற நிபந்தனையுடன்.

இந்தத் 'தவிர'தான் இந்தியக் குடும்பத்தில் சங்கடமானது. மாட்டுங்காவிலோ கரோல்பாகிலோ ஒரு தமிழ்க் குடும்பம். அப்பாவுக்கு பி.பி. பாட்டிக்கு இருபது வருடச் சர்க்கரை. சிறுநீரகம் எப்படியிருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. மகள் படித்தவள். புதிய உப்பு பாக்கெட் வாங்கி வருகிறாள். "அப்பாவுக்கு நல்லதுன்னா பாட்டிக்கும் நல்லதுதானேம்மா?" அம்மாவுக்கும் சரியென்றே படுகிறது. சாம்பார் ஒரே பாத்திரத்தில்தான் கொதிக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பை நாளுக்கு 8 கிராம் சாப்பிட்டால் உடலில் சேரும் பொட்டாசியம் ஒன்றேகால் கிராம். மூன்று வாழைப்பழத்துக்குச் சமம். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு இது பொருட்டே அல்ல, அன்றே கழித்துவிடும். ஆனால் செல்களுக்கு வெளியே உள்ள மொத்தப் பொட்டாசியம் இரண்டு கிராம்தான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கழிக்க வழியில்லாதவர் உடலில் அது நாள்பட ஏறிக்கொண்டே போகும். ஒரு தமனியைச் சுற்றிச் சற்று நேரம் 8, 10 என்று ஏறினால் அது குழாயை விரிக்கும் தூது. உடல் முழுவதும் ஓடும் ரத்தத்திலேயே 6.5-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றும் போகலாம். பெரும்பாலும் முன்னறிவிப்பு கிடையாது.

அப்பாவும் முழுப் பாதுகாப்பில் இல்லை. ரத்த அழுத்தத்துக்குப் பரவலாகத் தரப்படும் டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில், இதய நோயாளிகளுக்குத் தரும் ஸ்பைரனோலாக்டோன் எல்லாமே பொட்டாசியத்தை உடலில் தேக்குபவை. மாத்திரை, புதிய உப்பு, தினம் ஒரு இளநீர் மூன்றும் கூடினால் என்ன ஆகும் என்று டாக்டரிடம் கேட்பவர்கள் குறைவு. உப்பு பாக்கெட்டை டாக்டரிடம் காட்டும் வழக்கம் யாருக்கும் இல்லை. இன்னொரு குழப்பம், இந்துப்பு. அது பொட்டாசியம் உப்பு என்று நம்பிப் பலர் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். வட இந்தியாவில் விரத நாட்களில் சேர்க்கும் அதே பாறை உப்பு. அதில் பெரும்பகுதி சாதாரண சோடியம் குளோரைடுதான். ரத்த அழுத்தக்காரருக்கு அதனால் லாபமில்லை.

ஆகவே பொட்டாசியம் கலந்த உப்பு வேண்டாம் என்பதல்ல முடிவு. சீனக் கிராமங்களில் தடுக்கப்பட்ட பக்கவாதங்கள் நிஜம். கடுமையான சிறுநீரக நோயாளிகளை முதலிலேயே விலக்கி வைத்துச் செய்த ஆய்வு அது என்பதும் நிஜம். அந்த விலக்கலை இந்திய வீடுகளில் யாராவது செய்தாக வேண்டும். அதற்கு வேண்டியது ரத்தத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம் என்ற இரண்டு சோதனைகள். எந்தச் சிறு நகர லேபிலும் செய்வார்கள். நாற்பது தாண்டியவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், மேற்சொன்ன மாத்திரைகளில் ஏதேனும் சாப்பிடுபவர்கள் டப்பாவை மாற்றும் முன் அதைச் செய்து டாக்டரிடம் காட்டலாம். சிறுநீரகம் சரியாக இருப்பவர்களுக்குக் கீரையும் பருப்பும் வாழைப்பழமும் போதும். காய் வேகவைத்த நீரை ரசத்தில் சேர்த்துக்கொள்ளலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு நேர் எதிர்: அதே காயை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துக் கொட்டச் சொல்கிறார்கள்.

ஒரே வீட்டில் இந்த இரண்டு விதமாகவும் சமைக்க வேண்டியிருந்தால் அம்மாவுக்கு வேலை இரட்டிப்பு. இரண்டு டப்பா, இரண்டு கரண்டி, ஒவ்வொன்றின் மேலும் யாருக்கு என்று எழுதிய சீட்டு. அடுக்களையில் புதிதாக நுழைபவர் யாராக இருந்தாலும், முதலில் அந்தச் சீட்டைப் படிக்கச் சொல்ல வேண்டும்.